போயீ, கல்லா

கூடம் நிறைய ஆண்கள், தலையில் குல்லா, உடம்பில் வெள்ளைச் சட்டை, அத்தனை பேரும் மேடைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி நிற்கிறார்கள், இடப்பக்கம் ஒரு குனிவு, வலப்பக்கம் ஒரு குனிவு, போயீ கல்லா, போயீ கல்லா என்று ராகம் இழுத்துச் சொல்கிறார்கள், நான் வாசற்கதவின் பித்தளைப் பிடியை விடாமல் நிற்கிறேன், சிவப்புச் சின்னாளப்பட்டி, கொண்டையில் மல்லிகை, கக்கத்தில் குடை, வெறுங்கையோடு போகாதே என்று அம்மா திணித்து அனுப்பிய வாழைப்பழச் சீப்பு, ஐயோ, இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது, யூதர் கோயிலுக்குள் முதன்முதலாகக் கால் வைக்கிறேன், வைத்த மறு விநாடி ஒரு சமூகமே கூடி ஒரே குரலில் என்னைப் பார்த்துப் போ என்கிறது, வெறும் போ கூட இல்லை, போ கள்ளா, திருடனே ஓடு என்கிறது, அதையும் குனிந்து வணங்கிச் சொல்கிறது, நான் தமிழாசிரியை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் திணையும் பாலும் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்க்கிறவள், அந்த அதிர்ச்சியிலும் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள், கள்ளா என்பது ஆண்பால் அல்லவா, பெண்ணைத் திட்டுவதென்றால் கள்ளி என்றல்லவா திட்ட வேண்டும், இவர்களுக்குத் திட்டக்கூடப் பிழையில்லாமல் வரவில்லையே என்று கை சிவப்பு மைப் பேனாவைத் தேடியது, அடுத்த கணம்தான் அழுகை வந்தது.

திருட்டு என்று பார்த்தால் திருட்டுத்தான், சீமையம்மாவின் ஒரே மகனை நான் அடித்துக்கொண்டு போகப் பார்த்தேன், சீமையம்மா தேக்காவில் துணிக்கடை வைத்திருந்தார், பாக்தாத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த யூதக் குடும்பம், இட்ட பெயர் சீமா, கடைக்கு வரும் நம் சனங்கள் அதைச் சீமையம்மா ஆக்கிவிட்டார்கள், அவரும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார், கல்லாப்பெட்டிக்குப் பின்னால் கெஜக்கோலும் கையுமாக உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் கடைத் தமிழ் மட்டும்தான் தெரியும், கரை, முந்தி, சாயம், கெஜம், கொறைக்க முடியாது, தொடாதே அழுக்காவும், வாங்க வந்தியா பாத்துட்டுப் போக வந்தியா, அவ்வளவுதான் அந்த மொழியின் மொத்த அகராதி, எல்லாவற்றுக்கும் மேலே கத்திரியைத் துணியில் வைக்குமுன் கடை முழுக்கக் கேட்கும்படி ஓர் அறிவிப்பு, வெட்டினா வாபஸ் இல்ல, அதைச் சொன்ன பிறகு கத்திரி நறுக்கென்று ஓடும், அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கும் எனக்கு ஏதோ என்னையே வெட்டுகிறார்கள் என்று தோன்றும், அந்தப் பயம் தெளியாமலேதான் நான் வளர்ந்தேன், வளர்ந்த பிறகு அதே கடையில் ரூபன் எனக்குத் துணி அளந்தான், அவன் அம்மா கல்லாவில் மும்முரமாக இருக்கும் நேரம் பார்த்து ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுவான், அந்தக் கூடுதல் சாண்களையெல்லாம் சேர்த்துத் தைத்திருந்தால் எங்கள் கல்யாணத்துக்குப் பந்தலே போட்டிருக்கலாம், ஆனால் கல்யாணம் நடக்க வேண்டுமே, ரூபன் என்ற பெயரைச் சொன்னதும் அப்பா, ரூபனா, தூத்துக்குடிப் பக்கமா என்று கேட்டார், இல்லப்பா, பாக்தாத் பக்கம் என்றேன், அப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தார், நான் பூனையைப் பார்த்தேன், எப்படியோ எங்கள் வீட்டில் அழுது, பட்டினி கிடந்து, சரி போ என்று வாங்கிவிட்டேன், அந்த வீட்டில்தான் முடியவில்லை, சீமையம்மா மகனிடம் சொன்னாராம், கடையில எல்லாரும் நல்லாத்தான் சிரிப்பாங்க, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லு, நான் பாக்குறேன், எங்க சனம் பாக்கட்டும், அப்புறம் சொல்றேன், அவ்வளவுதான், பெண் பார்க்கும் படலத்தை ஒரு கோயில் கூட்டத்துக்கு முன்னால் வைத்துவிட்டார், பஜ்ஜி சொஜ்ஜிகூடக் கிடையாது. அம்மா வேண்டாம்னு சொல்லிட்டா என்னடா பண்ணுவே என்று கேட்டேன், ரூபன் வாயைத் திறந்தான், மூடினான், அந்த மூடிய வாயை நினைத்துக்கொண்டே வெள்ளிக்கிழமை வரை தூங்காமல் கிடந்தேன்.

அவங்க கடைப் புடவையவே கட்டிட்டுப் போடி, தன் சரக்கைத் தானே வேணாம்னு சொல்வாளா என்றது அம்மாவின் ராஜதந்திரம், சின்னாளப்பட்டியை எடுத்துக்கொடுத்தவர் சாட்சாத் சீமையம்மாவேதான், யாருக்கு, எதற்கு என்று தெரியாமல், சாயம் போகாது, போனா என்னைக் கேளு என்று நெஞ்சைத் தட்டிக் கொடுத்திருந்தார், அதைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன், பஸ் ஊர்ந்தது, பெண்களுக்குப் பக்கவாட்டில் தனிப் படிக்கட்டு, நேரே மாடிக்குப் போ, அங்கே அம்மா இருப்பாங்க என்று ரூபன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான், நேரமாகிவிட்ட பதற்றத்தில் படிக்கட்டாவது பக்கவாட்டாவது, பெரிய கதவு எதிரே இருக்கிறது, தள்ளினேன், தள்ளிய நொடியில் ஊரே திரும்பிற்று, குனிந்தது, போ என்றது, நிமிர்ந்து பார்த்தால் மாடி வரிசையில் பெண்களும் என்னைத்தான் பார்க்கிறார்கள், நடுவில் வெள்ளைத் தொப்பியோடு சீமையம்மா, அவர் உதடும் அசைகிறது, போயீ கல்லா, சரி, தீர்ப்பு சொல்லியாயிற்று, வாழைப்பழச் சீப்பு கை நழுவி விழுந்தது, அதை எடுக்கக்கூடக் குனியாமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன், பின்னால் யாரோ ஒரு கிழவர் பெருங்குரலில் ஓலமிட்டது மட்டும் கேட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்கும் மழை பிடித்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது, சிங்கப்பூர் மழை சொல்லிக்கொண்டா வரும், கூரை என்ற பேரில் ஒரு தகரம், அது தெருவைவிட அதிகமாக ஒழுகுகிறது, நான் குடையை விரித்துக்கொண்டு அதன் அடியில் நின்று தாராளமாக அழுகிறேன், மூக்கைச் சிந்துகிறேன், இனிமேல் தேக்கா பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை, துணி வேண்டுமென்றால் பாலம் தாண்டி ஜோகூருக்குப் போய் வாங்குவேன் என்று சபதம் செய்கிறேன், அப்போது தெருமுனையில் ஓர் ஊர்வலம் திரும்புகிறது, முன்னால் சீமையம்மா, குதிகால் உயர்ந்த செருப்பில் தத்தித் தத்தி, பின்னால் ரூபன், அவனுக்குப் பின்னால் குல்லா போட்ட ஐந்தாறு பேர், எவர் கையிலும் குடை இல்லை, அத்தனை மழையையும் தலையில் வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள், ஒரு டாக்சி பக்கத்தில் வந்து ஒலியெழுப்புகிறது, கையை ஆட்டி அதை விரட்டுகிறார்கள், ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அவர்கள் வண்டி ஏறக் கூடாது, குடை விரிக்கக் கூடாது, விளக்குப் பொத்தானைத் தொடக் கூடாது, தொலைபேசியை எடுக்கக் கூடாது, இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, திருடியைப் பிடிக்க வருகிறார்கள் என்றே நினைத்தேன், நல்லவேளை, பஸ் வந்துவிட்டது, கதவு திறந்தது, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

ஏய், நில்லு, என்று தெருவைத் தாண்டி வந்தது அந்தக் கடைக்குரல், வாங்க வந்தியா, பாத்துட்டுப் போக வந்தியா. எனக்கு வந்ததே கோபம், சின்ன வயதிலிருந்து அடக்கிவைத்த பயமெல்லாம் தலைகீழாகப் புரண்டு கோபமாக வந்தது, நீங்கதானே போகச் சொன்னீங்க, எல்லாரும் சேர்ந்து, குனிஞ்சு குனிஞ்சு, போ கள்ளான்னு, நான் யார் வீட்டுல திருடினேன், உங்க மகனை நானா தூக்கிட்டுப் போனேன், அவர்தான் என் பின்னாடி வந்தாரு, என்று மழைக்கு மேலே கத்தினேன், பஸ் ஓட்டுநர் நம்மாள், தலையை நீட்டி, என்னம்மா, திருட்டுக் கேஸா, போலீசைக் கூப்பிடவா என்று அக்கறையாகக் கேட்டார், சீமையம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றார், யாரு, கள்ளன்னு யாரு சொன்னா என்றார், எல்லாரும்தான், போயீ கள்ளா, போயீ கள்ளா, நீங்களும் சொன்னீங்க, நான் பாத்தேன் என்றேன், நான் சொன்னதை ரூபன் ஒருதரம் மெல்ல முணுமுணுத்துப் பார்த்தான், பார்த்தவன் அப்படியே நடைபாதை ஓரத்தில் ஓடும் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், தாயார் அவன் முதுகில் ஓர் அறை வைத்தார், சிரிக்காதடா என்றார், பிறகு என் பக்கம் திரும்பி, போயீன்னா வா, என்றார், எங்க சாமி பாஷையில போயீன்னா வா. எனக்கு அழுகை நின்றுவிட்டது, போன்னா வாவா என்றேன், ஆமா என்றார், அப்ப வான்னா என்ன, போவா என்றேன், ரூபன் தரையிலிருந்தபடியே, இல்ல, வான்னா உம், நீயும் நானும்ங்கறோமே, அந்த உம் என்றான், ஒரு கால் பஸ் படியிலும் ஒரு கால் சேற்றிலுமாக நின்றுகொண்டு, இதெல்லாம் ஒரு பாஷையா என்று நான் கேட்டது இன்றுவரை எங்கள் வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லப்படுகிறது.

அப்ப கல்லா, உங்க கடையில பணம் போடுறீங்களே, அந்தக் கல்லாவா என்றேன். சீமையம்மா பதில் சொல்ல வாயெடுத்தார், சொல் கிடைக்கவில்லை, அவருடைய தமிழில் கரை இருந்தது, முந்தி இருந்தது, இந்தச் சொல் இல்லை, ஒரு கெஜம் இரண்டு கெஜம் என்று எதையோ மனத்துக்குள் அளந்து பார்ப்பவர்போல் நின்றார், தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கல்யாணச் சேல எடுக்க வருவாங்கல்ல, என்றார், சுத்திப் பெரிய கூட்டம், நடுவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒரு பொண்ணு, பேசாது, அந்தப் பொண்ணுதான் கல்லா, வெள்ளிக்கிழம வந்தா ஓய்வுநாளை அப்படி நெனச்சுக் கூப்பிடுறது எங்க வழக்கம், கதவைப் பாத்துத் திரும்பி, உள்ள வா பொண்ணேன்னு, அங்க யாரும் இருக்க மாட்டாங்க, வெறும் கதவு, இன்னிக்குப் பாத்து நீ நிக்குற. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், அப்புறம், மகன் கூட்டிட்டு வர்ற பொண்ணு இருக்கே, அதுக்கும் கல்லாதான், ரெண்டுக்கும் ஒரே சொல்லு, என்றார், இதைச் சொல்லும்போது அந்தக் குரலில் கடை இல்லை. ஆக, ஏறலைங்கிறீங்க, என்றார் ஓட்டுநர். நான் காலை எடுத்தேன், பஸ் போயிற்று.

திரும்பி நடந்தோம், நான் ஓடிப்போய் அவர் தலைக்கு மேலே குடையைப் பிடித்தேன், அவர் விலகிக்கொண்டார், எனக்கு இன்னிக்கு ஆகாது, நீ பிடிச்சுக்கோ, உனக்குத் தடை இல்ல என்றார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனாலும் உனக்குத் தடை இல்லை என்ற சொல் சுருக்கென்று தைத்தது, நீ வேறு நாங்கள் வேறு என்றுதானே அதற்குப் பொருள், குடையை மடக்கினேன், மழை மொத்தமும் மல்லிகையில் இறங்கிற்று, சீமையம்மா ஓரக்கண்ணால் பார்த்தார், குதிகால் செருப்பு வழுக்கும் சாக்கில் என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அப்படியே கோயில் வாசல் வரை வந்தோம், உள்ளே இருந்தவர்களெல்லாம் கதவருகே குவிந்து நிற்கிறார்கள், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் என் தோளிலிருந்து வழிந்த சிவப்பு அவருடைய வெள்ளை உடுப்பின் கையில் மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறியிருக்கிறது, இடுப்பில் திட்டுத் திட்டாக இருக்கிறது, என் கால்களிலிருந்து சிவப்பாகவே ஓடுகிறது, கோழி அறுத்த இடம்போல வாசற்படி, எனக்கு நாக்கு சும்மா இருக்குமா, சாயம் போகாதுன்னு சொன்னீங்களே, போனா என்னைக் கேளுன்னீங்களே, இப்ப கேக்குறேன், என்றேன். ரூபன் கண்ணை மூடிக்கொண்டான். சீமையம்மா தன் கையைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கதவருகே நின்ற அத்தனை குல்லாக்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார், பிறகு கடை முழுக்கக் கேட்கும் அந்தக் குரலை எடுத்தார், வெட்டியாச்சு, வாபஸ் இல்ல. அங்கே இருந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது, எல்லோருக்கும் புரிந்தது, எனக்கு இந்த முறை அழுகைதான் முதலில் வந்தது, வெட்டியாச்சு என்பதற்குச் செயப்படுபொருள் எங்கே என்று பிறகுதான் தோன்றிற்று.

உள்ளே போனால் அங்கே வேறொரு கலவரம், பாட்டை எடுத்துக்கொடுக்கும் ஹாயிம் கிழவருக்குக் கண்ணில் புரை, ஆயுள் முழுக்க வெறுங்கதவைப் பார்த்துக் குனிந்தவர், அன்றைக்குக் கதவில் சிவப்பாக, பளபளவென்று ஒருத்தி நிற்பதைப் பார்த்ததும், வந்துட்டா, நெசமாவே வந்துட்டா என்று கத்தினாராம், ஓலமென்று என் காதில் விழுந்தது அதுதான், நான் ஓடியதும் ஓய்வுநாளே கோபித்துக்கொண்டு ஓடிவிட்டது, இனி தொழுகையை எப்படி முடிப்பது என்று உட்கார்ந்துவிட்டாராம், அவரைத் தேற்றித் தொழுகையை முடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தால், நான் போட்டுவிட்டு ஓடிய வாழைப்பழத்தைச் சுற்றி நின்றுகொண்டு சண்டை, மரத்துப் பழத்துக்கு ஒரு வாழ்த்து, தரையில் விளைந்ததற்கு வேறு வாழ்த்து, சொல்லாமல் வாயில் வைக்கக் கூடாது, வாழை எதில் சேர்த்தி என்று ஆளுக்கொரு கட்சி, நான் ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே, உள்ளே வைரம் பாயாதது மரமே இல்லை, வாழை புல் சாதி, எங்க இலக்கணமே அப்படித்தான் சொல்லுது என்றேன், ரூபன் அதை அவர்களுக்குச் சொன்னான், ஹாயிம் கிழவர் மேசையைத் தட்டினார், அதைத்தானே நானும் கரடியாய்க் கத்துகிறேன், தரைதான் தரைதான் என்று கூவி வாழ்த்தைச் சொல்லி ஒரு பழத்தை உரித்தார், அன்றிலிருந்து அந்தக் கோயிலில் எனக்கு ஒரு கட்சி உண்டு. அதற்காக எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் மார்க்கத்தில் சேர வருகிறவரை முதலில் திருப்பி அனுப்பிப் பார்க்க வேண்டும் என்பது குருமார்களின் வழக்கம், எங்கள் குரு போ என்றார், மறுபடி போனேன், மறுபடி போ என்றார், அது ஆங்கிலப் போ, அசல் போ, எனக்கோ போ என்றாலே வா என்று கேட்கப் பழகிவிட்ட காது, திரும்பத் திரும்பப் போய் நின்றேன், வருடக்கணக்கில் படித்தேன், அவர்கள் சடங்குக் குளத்தில் முங்கி எழுந்தேன், கல்யாணப் பந்தலுக்கு அடியில் ரூபன் கண்ணாடிக் குவளையை மிதித்து உடைத்தபோது அப்பா மெல்ல, இதெல்லாம் தூத்துக்குடியில செய்ய மாட்டாங்க என்றார்.

வெள்ளிக்கிழமைகள் ஒன்றன்மேல் ஒன்று மடித்து அடுக்கிய துணிபோல் இருக்கின்றன, எதை எங்கே உருவினால் எது வரும் என்று தெரியவில்லை, மாடி வரிசையில் பிரார்த்தனைப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு யார் வீட்டுக் கோழி வேகவில்லை என்று பேசுகிறோம், காற்றாடியைப் போட மறந்துவிட்டார்கள், ஓய்வுநாளில் போடு என்று வடநாட்டுக் காவலாளியிடம் சொல்லக் கூடாது, ஆகையால் சீமையம்மா அவன் காதில் படும்படி அப்பப்பா என்ன வேர்வை என்று ஹிந்தியில் பாடுகிறார், கீழே ஹாயிம் கிழவர் இருந்த இடத்தில் வேறு யாரோ இருக்கிறார், சமோசா போன்ற சம்பூசாவில் இந்த வாரம் உள்ளே சுண்டலா சீஸா, கடையில் கல்லாவுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன், சாயம் போகுமா என்று ஒருத்தி கேட்கிறாள், போகும், என்கிறேன், போகும்னு சொல்லியே விக்கிறியே, உருப்படுமா இந்தக் கடை என்று சீமையம்மா திட்டுகிறார், கனவிலும் அந்தக் கதவுதான் வருகிறது, நான் நிற்கிறேன், எல்லோரும் குனிகிறார்கள், மாடியிலிருந்து சீமையம்மா மழையைக் கெஜக்கோலால் அளந்து அளந்து வெட்டிப் போடுகிறார், ஒரு சாண் கூடவே விடுகிறார், கனவில்கூட நான் உள்ளே போனேனா ஓடினேனா என்று தெரியுமுன் விழித்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை விழித்துக்கொண்டுதான் இருந்தேன். சீமையம்மாவுக்கு இப்போது மாடி ஏற முடியாது, காது மந்தம், கீழே கதவையொட்டித் தட்டி மறைப்புக்குப் பின்னால் அவருக்கு ஒரு நாற்காலி, துணைக்கு நான், எங்கள் மகன் யோனா ஒரு பெண்ணை வரச் சொல்லியிருந்தான், பெக் ஹூன், சீனப் பெண், பக்கவாட்டுப் படிக்கட்டைப் பற்றி அவனும் படித்துப் படித்துச் சொல்லியிருப்பான், பாட்டு கடைசி அடிக்கு வருகிறது, கூடம் மொத்தமும் திரும்புகிறது, இடப்பக்கம் ஒரு குனிவு, வலப்பக்கம் ஒரு குனிவு, போயீ கல்லா, பெரிய கதவு திறக்கிறது, பச்சைக் கவுன், இரண்டு கையிலும் ஆரஞ்சுப் பழங்கள், கண் விரிந்து போய் நிற்கிறாள், ஒரு கால் பின்னால் நகர்கிறது, எனக்கு அந்தக் காலைத் தெரியும். யாரது, என்று கடைக்குரலில் கேட்கிறார் சீமையம்மா, வாங்க வந்திருக்காளா, பாத்துட்டுப் போக வந்திருக்காளா, பாட்டு போயீ, போயீ என்கிறது, தொழுகைக்கு நடுவில் பேசக் கூடாது, பெண்கள் தட்டியைத் தாண்டக் கூடாது, எல்லாம் எனக்குத் தெரியும், தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், இத்தனை வருடம் படித்த ஹீப்ரு எங்கே போயிற்றோ, வாயில் தமிழ்தான் வந்தது, வா, வா, என்று கத்தினேன். நகர்ந்த கால் நின்றது. அவள் ஹொக்கியன் பேசுகிற வீட்டுப் பெண், அவர்கள் பேச்சில் வா என்றால் நான் என்று பொருள், ஆரஞ்சுப் பழத்தை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, நம்ப முடியாமல், வா, என்று என்னைத் திருப்பிக் கேட்டாள், நானா என்று. ஆமாடி, நீதான், என்றேன், கூடம் நிறைய ஆண்கள் அவளைப் பார்த்துக் குனிந்து நிமிர்ந்தார்கள், அவள் இன்னொரு காலையும் எடுத்து உள்ளே வைத்தாள்.